குரல் பாட்டோடு ஒட்டவில்லை: எங்கே பிழை, எப்படித் திருத்துவது

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ரெக்கோர்டிங் செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பாட வருவதில்லை. வேறெங்கோ பாடிப் பதிந்ததைப் பென்ட்ரைவில் கொண்டுவந்து, "அண்ணன், இது என்னமோ ஒட்டாம இரிக்கி, ஒருக்காப் பாருங்க" என்கிறார்கள். கோயில் பாட்டு, கலியாண வீட்டுக்கான பாட்டு, சேர்த்துவைத்த காசில் போடும் முதல் பாட்டு, எதுவானாலும் சொல்லும் சொல் அதுதான்: ஒட்டவில்லை. அதற்குள் ஏழெட்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் முதலில் கை போவது ரிவேர்ப்புக்கு, அதாவது அறையின் முழக்கத்தைச் சேர்க்கும் கருவிக்கு. ரிவேர்ப் போட்டதும் குரல் இன்னும் தள்ளிப் போய் நிற்கும்.

பிழையைத் தேடும்போது வாயிலிருந்து தொடங்குங்கள். வாய், அறை, மைக், ஹெட்போன், கடைசியில்தான் பிளக்-இன் (ரெக்கோர்டிங் மென்பொருளில் ஒலியை மாற்றும் கருவி). மேலே இருக்கும் பிழையைக் கீழே திருத்த நின்றால் ஒரு நாள் போய்விடும், பிழை அப்படியே இருக்கும்.

தொடங்குமுன் இரண்டு சோதனை. மியூசிக்கை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். வரிக்கும் வரிக்கும் இடையில் பாடாத இடத்தில் என்ன கேட்கிறது என்பதையும் கவனியுங்கள். அறையின் கதை முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கும். பிறகு மியூசிக்கோடு சேர்த்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். குறைந்த சத்தத்தில் சொற்கள் விளங்கினால் குரலின் அளவு சரி. குரல் மட்டும் தனியே துருத்திக்கொண்டு கேட்டால் அது கூடிப் போயிருக்கிறது.

"கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி"

இதுதான் நம் பக்கத்தில் அதிகம் வரும் நோய். சிமெந்து பூசிய நாலு சுவர், தரையில் டைல்ஸ், மேலே சீற். அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று ஒரு வால் வந்தால் அந்த வால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் பதியும். மியூசிக் ட்ராக்கில் அந்த வால் இல்லை. ஆகவே கேட்பவரின் காதுக்கு இரண்டு வேறு இடங்கள் தெரியும்: மியூசிக் ஒரு மண்டபத்தில், பாடுகிறவர் ஒரு குளியலறையில்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அண்ணாவியார் (கூத்துப் பழக்குபவர்) வந்து வடமோடிக் கூத்துப் பாட்டுகள் சில பாடித் தந்தார். திறந்த களரியில் பாடிப் பழகிய குரல், அறையே அதிர்ந்தது. நான் அவசரத்தில் முன்னறையிலேயே பதிந்துவிட்டேன். கேட்டதும் சொன்னார்: "என்ன மனே, என்ட குரலக் கிணத்துக்குள்ள போட்டுட்டியா?" 300இலிருந்து 500 ஹேர்ட்ஸ் வரை வெட்டிப் பார்த்தேன், கிணறு குறைந்தது, குரலின் நெஞ்சும் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் படுக்கையறையில் உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, தும்பு மெத்தையை நிமிர்த்தி, அதே பாட்டை அதே மைக்கில் பதிந்தோம். ஈகியூவில் (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) கை வைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். ஒருபக்கம் கேட்கும் கார்டியோயிட் மைக், தன் பின்பக்கத்தை ஏற்கெனவே குறைவாகத்தான் கேட்கும். அது நேராகப் பார்ப்பது பாடுகிறவரையும், அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே மெத்தை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு மெத்தை இருந்தால் முதுகுக்குப் பின்னால் மூலை போல மடக்கி வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் இன்னும் கீழே உள்ள தடித்த ஒலிகளையும் பிடிக்கும். 500 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். அதன் கால்பங்கு 17. அந்த ஒலியை அடக்க அவ்வளவு தடிப்போ, தடிப்பும் இடைவெளியும் சேர்ந்த அவ்வளவு தூரமோ வேண்டும்.

ஓர் அங்குல ஸ்பொஞ்சைச் சுவர் முழுக்க ஒட்டினால் மேலே உள்ள பளபளப்பு மட்டும் செத்து, கீழே உள்ள 'ஊம்' அப்படியே நிற்பதும் இதனால்தான். வெறும் அறையை விட அது மோசமாகக் கேட்கும். பன்பாயும் அப்படித்தான், தரையில் விரிக்கலாம், சுவரில் தொங்கவிட்டு அதை நம்பக் கூடாது. மருதமுனைக் கைத்தறிப் போர்வைகளை நாலைந்தாக மடித்துக் கொடியில் தொங்கவிட்டால் நல்ல பலன் இருக்கும். ஒற்றையாக விரித்துத் தொங்கவிட்டால் அழகாக மட்டும் இருக்கும்.

அறையின் நடுவிலும் மூலையிலும் நிற்க வேண்டாம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, 15 சென்ரிமீற்றர் அளவு. பாட்டுக் கொப்பி வைக்கும் பலகையையும் லப்டொப் திரையையும் பாருங்கள். குரல் பலகையில் பட்டு 30 சென்ரிமீற்றர் கூடுதலாகச் சுற்றி மைக்குக்கு வந்தால், 570 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளம் விழும். அதன் 3 மடங்கிலும் 5 மடங்கிலும் அடுத்தடுத்த பள்ளங்கள். குரல் ஒரு குழாய்க்குள்ளால் வருவது போலக் கேட்கும். பலகையைச் சரித்து, மேலே ஒரு துவாயைப் போட்டால் போதும்.

பாடியவர் வெளிநாடு போய்விட்டார், திரும்பப் பதிய வழியில்லை என்றால்: 250க்கும் 500க்கும் இடையில் எந்த இடம் அதிகம் முழங்குகிறது என்று தேடி அதை மட்டும் 3, 4 டெசிபல் குறையுங்கள். கொம்பிரசரை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவியை) மிதமாக வையுங்கள். அது குரலின் உச்சத்தை அமுக்கிவிட்டு முழுச் சத்தத்தையும் கூட்டும்போது அறையின் வாலும் சேர்ந்து மேலே வரும். அந்தக் குரலுக்கு நீண்ட ரிவேர்ப் போடாதீர்கள். மியூசிக்கில் உள்ள ஏதாவது ஒரு வாத்தியத்தையும் அதே மாதிரிச் சிறிய அறை ரிவேர்ப்புக்குக் கொஞ்சம் அனுப்பினால், குரல் தனியே நிற்பது குறையும்.

"பின்னால ஒரு இரைச்சல் வருது"

எந்த இரைச்சல்? 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் நின்றால் கரண்டிலிருந்து வருகிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த முனகல் 50, 100, 150 என்று ஏறும். லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர், பட்டரியிலேயே பதியுங்கள். பிளக்கின் ஏர்த் கம்பியைக் கழற்றிவிட்டுச் சிலர் இதைத் தீர்க்கிறார்கள். உயிருக்கு ஆபத்து, செய்யவே வேண்டாம்.

'ஸ்ஸ்' என்று மணல் கொட்டுவது போல வந்தால், மைக் தூரத்தில் இருக்கிறது, அதற்காக கெயினைக் (மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவை) கூட்டியிருக்கிறீர்கள். கிட்டே வாருங்கள்.

இடையிடையே 'பட், பட்' என்று பொரிந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். வயர் நல்லது என்றால் கொண்டென்ஸர் மைக்குக்குள் ஈரம் போயிருக்கும். இது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நம் ஊர்களின் தனி நோய். மார்கழி மழைக் காலத்தில் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டால் கட்டாயம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு இரவு மூடி வையுங்கள். பெரும்பாலும் மறுநாள் சரியாகிவிடும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூசு உள்ளே போகும். வெயிலிலும் வைக்க வேண்டாம்.

பேன் சத்தத்துக்கு ஒரே மருந்து அதை நிறுத்துவது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது கொடுமைதான். மூன்று முறை பாடவிட்டு, பேனைப் போட்டு இளைப்பாறவிட்டு, மறுபடி மூன்று முறை. சீற் கூரையில் மழை விழுந்தால் அன்றைக்கு எழுதும் வேலையைப் பாருங்கள். கோயில் ஒலிபெருக்கியும் பாங்கும் பாண் ஆட்டோவின் பாட்டும் எந்த நேரம் வரும் என்று அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். அதற்கேற்ப நேரம் வையுங்கள். நான் பெரும்பாலும் இரவு பத்துக்குப் பிறகுதான் பதிகிறேன்.

இரைச்சல் நீக்கும் பிளக்-இன்னை 6, 8 டெசிபலுக்கு மேல் தள்ளாதீர்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் அலம்புவது போல ஆகும். அந்தக் கெடுதலை மறைக்க மருந்தில்லை.

"வெடிக்குது", "காதைக் கிழிக்குது"

உரத்துப் பாடும் இடத்தில் கரகரவென்று உடைந்தால், பதியும்போது சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அதைத் திருப்பி எடுக்க முடியாது, அந்த வரியைத் திரும்பப் பாட வேண்டும். 24 பிட்டில் பதிந்தால் பயப்படாமல் தாழ்த்திப் பதியலாம். உச்சம் மைனஸ் 10 டெசிபல் அளவில் நின்றால் போதும். பாடகர் ஒத்திகையில் பாடுவதை விட உண்மையில் பதியும்போது சத்தமாகப் பாடுவார். அதற்கும் இடம் விடுங்கள்.

'ப'வில் மட்டும் 'டொம்' என்று காற்று அடித்தால் அது வேறு. பாப் பில்டரை (காற்றைத் தடுக்கும் வலையை) மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். பதிந்து முடிந்த பாட்டில் வந்திருந்தால், முழுக் குரலையும் வெட்டாமல் அந்த ஒரு எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்குங்கள்.

காதைக் கிழிப்பது பெரும்பாலும் 'ச'. 'சாமி', 'சந்தனம்' என்று பாடும்போது நாம் அதை 'ஸ' போலத்தான் உச்சரிக்கிறோம். 5இலிருந்து 8 கிலோஹேர்ட்ஸ் வரை டீ-எஸ்ஸர் என்ற பிளக்-இன் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு பாட்டில் அப்படி இருபது, முப்பது 'ச'தான் வரும். ஒவ்வொன்றாகக் கையால் 3, 4 டெசிபல் தாழ்த்தினால் கால் மணித்தியாலத்தில் முடியும், பாடகர் நாக்கு தடித்தவர் போலவும் கேட்காது. நான் கையால்தான் செய்கிறேன்.

"ஒரு சொல் கேக்குது, ஒரு சொல் கேக்கல்ல"

தமிழில் வரியின் கடைசியில்தான் வினை வந்து நிற்கும். மூச்சும் அங்கேதான் தீரும். ஆகவே 'வந்தாள்' என்பதா 'வந்தான்' என்பதா என்று கேட்பவருக்குத் தெரியாமல் போகும். பாட்டின் பொருளே அதில் தொங்கியிருக்கும். இதைக் கொம்பிரசரிடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது. முதலில் பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கொம்பிரசருக்கு முன்பே, விழுந்த சொற்களை 2, 3 டெசிபல் தூக்கி, துள்ளிய சொற்களைத் தாழ்த்துங்கள்.

அதன் பிறகு கொம்பிரசர். ஒன்றைப் போட்டு 10 டெசிபல் நெரிப்பதை விட, இரண்டைப் போட்டு ஒவ்வொன்றிலும் 3 டெசிபல் குறைப்பது நல்லது. முதலாவது வேகமாகப் பிடித்து உச்சத்தை மட்டும் தட்டட்டும். இரண்டாவது 3க்கு 1 என்ற விகிதத்தில், அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 மில்லிசெக்கன் அளவில், மெதுவாக முழு வரியையும் சமப்படுத்தட்டும். அட்டாக்கை மிகக் குறைத்தால் க, த, ட எல்லாம் மழுங்கி, குரல் பின்னால் போய் நிற்கும்.

கடைசியாக, பாட்டு ஓட ஓட பேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) வரிக்கு வரி ஏற்றி இறக்கிப் பதியுங்கள். பல்லவிக்கு ஒரு அளவு, சரணத்தில் வாத்தியம் குறையும் இடத்துக்கு ஒரு அளவு. குரல் பாட்டுக்குள் உட்காருவது உண்மையில் இந்த வேலையில்தான், சலிப்பாக இருந்தாலும்.

"குரல் மேல மிதக்குது, மியூசிக் கீழ கிடக்கு"

கரோக்கி ட்ராக்குக்கு மேல் பாடியவர்கள் எல்லாருக்கும் இது வரும். ட்ராக் ஏற்கெனவே முழுவதும் இறுக்கி முடிக்கப்பட்டது, உங்கள் குரல் பச்சையாக இருக்கிறது. ட்ராக்கின் சத்தத்தோடு போட்டி போட்டுக் குரலைத் தூக்குவதால் அது தனியே மிதக்கிறது.

முதலில் ட்ராக்கை 6 டெசிபல் இறக்குங்கள். மொத்தச் சத்தத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். பிறகு ட்ராக்கில் குரலுக்கு ஒரு இருக்கை செய்யுங்கள்: 2இலிருந்து 4 கிலோஹேர்ட்ஸ் வரை, அகலமாக, 2 டெசிபல் மட்டும் குறையுங்கள். உங்கள் ஈகியூ நடுவையும் பக்கங்களையும் பிரித்துப் பார்க்கும் வகையானால் நடுவில் மட்டும் குறையுங்கள். குரல் நடுவில்தான் நிற்கிறது. பக்கத்தில் உள்ள வயலினைத் தொட வேண்டியதில்லை. குரல் வரும்போது மட்டும் அந்த இடம் தாழும்படி சைட்செயினில் கட்டினால் இன்னும் நல்லது.

குரலில்: ஆண் குரலென்றால் 80, பெண் குரலென்றால் 120 ஹேர்ட்ஸ் அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். மைக்கோடு ஒட்டிப் பாடியிருந்தால் 150 முதல் 250 வரை தடித்திருக்கும், அதையும் கொஞ்சம் இறக்குங்கள். மேலே பளபளப்பைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விலை குறைந்த கொண்டென்ஸர்கள் பலவற்றில் 10 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஏற்கெனவே தூக்கலாக இருக்கும். ட்ராக்கின் தாளத்தட்டு எவ்வளவு மினுங்குகிறதோ அதை விடக் கூடுதலாகக் குரல் மினுங்கினால் அது மிதக்கும். பழைய பாட்டின் ட்ராக் என்றால் குரலின் மேல்பகுதியைக் குறைக்கக்கூட வேண்டிவரும்.

இப்போதுதான் ரிவேர்ப். தனிச் சானலில் போட்டு அதற்குக் குரலை அனுப்புங்கள். முன் தாமதம் 30, 40 மில்லிசெக்கன் வைத்தால் சொல் முன்னால் நிற்கும், அறை பின்னால் வரும். அந்தச் சானலில் 300க்குக் கீழேயும் 7 கிலோஹேர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். ட்ராக்கில் இருக்கும் வயலின் நின்ற பிறகு எவ்வளவு நேரம் ஒலி நீள்கிறது என்று கேட்டு, அந்த நீளத்துக்கே உங்கள் ரிவேர்ப்பையும் வையுங்கள். பல நேரம் ரிவேர்ப்பை விட டிலே (எதிரொலி போலப் பிந்தித் திரும்பி வரும் ஒலி) நன்றாக ஒட்டும். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு 667 மில்லிசெக்கன், அரைத் தட்டு 333. அரைத் தட்டு டிலேயை, கேட்கிறதா இல்லையா என்ற அளவில் வைத்துப் பாருங்கள். நிறுத்தும்போது மட்டும் ஏதோ குறைந்தது போல இருந்தால் அளவு சரி.

"குரல் புதைஞ்சு போச்சு"

ஈகியூவைத் தொடுமுன் வாத்தியங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தும்போது குரல் வெளியே வருகிறதோ அதுதான் மூடுகிறது. நம் பாட்டுகளில் பத்துக்கு ஏழு முறை அது ஆர்மோனியம், அல்லது கீபோர்டின் நீண்ட பேட் (பின்னணியில் இழுத்துப் பிடிக்கும் ஒலி). பாடும் மெட்டையே ஆர்மோனியமும் கூட வாசித்தால் இரண்டும் ஒரே இடத்தில் மோதும். திறந்த வெளியில் அது பாடகருக்குத் துணை, ரெக்கோர்டிங்கில் திரை. ஆர்மோனியத்தை ஒரு பக்கம் தள்ளி, 1இலிருந்து 3 கிலோஹேர்ட்ஸ் வரை குறைத்து, முடிந்தால் வரிகளுக்கு இடையில் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். உடுக்கும் மத்தளமும் அப்படி மூடுவதில்லை. அடித்து ஓய்ந்துவிடும், குரலுக்கு இடம் இருக்கும்.

"சுருதி விலகுது"

பாடியவரைக் குறை சொல்லுமுன் ட்ராக்கின் சாம்பிள் ரேட்டைப் (செக்கனுக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதை) பாருங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸில் உள்ள ட்ராக் தவறுதலாக 48இல் ஓடினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம் ஒரு செமிடோன்) மேலே போகும்; 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 செக்கனில் முடிந்துவிடும். பாடிப் பதிந்த பிறகு புரொஜெக்டின் சாம்பிள் ரேட்டை மாற்றினாலும் இதே கூத்துத்தான்.

அடுத்தது ஹெட்போன். மியூசிக் காதை அடைத்தால் தன் குரல் கேட்காமல் பாடகர் விலகுவார். ஒரு காதைத் திறந்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள், பாதிப் பேர் உடனே சேர்ந்துவிடுவார்கள். மூன்றாவது, கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம். ட்ராக் 5 கட்டையில் இருக்கிறது என்பதற்காக 4 கட்டைக் குரலை இழுக்க வேண்டாம். பாடுகிறவருக்காக ட்ராக்கை 2 செமிடோன் இறக்குங்கள்.

சுருதி திருத்தும் மென்பொருளைக் கடைசியில், கையால், நீண்டு நிற்கும் ஸ்வரங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். தானாகத் திருத்தவிட்டால் கமகத்தை (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை) பிழை என்று எண்ணி நேராக்கிவிடும். திரையில் தெரியும் கோட்டையும் நம்பாதீர்கள். இயற்கையாகப் பாடும் அந்தர காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தை விட 14 சென்ட் (ஒரு செமிடோனின் நூறில் 14 பங்கு) கீழே நிற்கும். திரை அதைப் 'பிழை' என்று காட்டும். தம்புராவோடு கேட்டால் அதுதான் இனிமை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஸ்வர இடைவெளிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1947இல் யாழ்நூல் என்ற தமிழிசை ஆய்வு நூலைத் தந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு காதை விடத் திரையை நம்பக் கூடாது என்பது என் எண்ணம்.

"தாளத்துக்குப் பிந்துது"

புளூடூத் ஹெட்போன் போட்டுப் பாடினாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் விடை கிடைத்துவிட்டது. அதில் ஒலி பெரும்பாலும் நூறு மில்லிசெக்கனுக்கும் மேல் தாமதமாகக் காதுக்கு வரும். வயர் உள்ளதைப் போடுங்கள். வயர் இருந்தும் பிந்தினால் பபரைப் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியின் அளவை) பாருங்கள். 48 கிலோஹேர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் போக மட்டும் 21 மில்லிசெக்கன், வர அதே அளவு. பதியும்போது 128க்கு இறக்குங்கள், அது 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. மிக்ஸிங்கின்போது மறுபடி ஏற்றலாம். பிந்தல் பாட்டு முழுவதும் ஒரே அளவானால் குரல் ட்ராக்கை அப்படியே முன்னால் நகர்த்தினால் சரி. இடத்துக்கு இடம் மாறினால் திரும்பப் பாட வேண்டியதுதான்.

"வீட்டில நல்லம், ஆட்டோவில ஒண்டும் விளங்கல்ல"

மொனோவில் (இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து) கேளுங்கள். குரலை அகலமாக்க ஏதாவது பிளக்-இன் போட்டிருந்தால் மொனோவில் குரல் மெலிந்து போகும், கழற்றுங்கள். போன் ஸ்பீக்கரில் கேளுங்கள், ஓடும் ஆட்டோவில் கேளுங்கள். போனில் சொல் விளங்கவில்லை என்றால் 2 கிலோஹேர்ட்ஸ் பக்கம் குரல் போதவில்லை. ஆட்டோவில் குரல் மட்டும் கேட்டு மியூசிக் காணாமல் போனால் குரலை 1 டெசிபல் இறக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பாடியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பாட்டாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், பைல் மாறாமல் போய்ச் சேரும். மிக்ஸிங் செய்த இரவே அனுப்பவும் வேண்டாம். காலையில் எழுந்து, வேறு எந்தப் பாட்டும் கேட்குமுன், ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.